மடியும் வாரும்

மக்கட்பேற்றின் மாண்பைப் பாடுதற்கு நந்தமிழ்ப் புலவர் சலித்ததில்லை. திருவள்ளுவனார் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தமோ குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் போற்றுகின்றது. இத்துணை அருமையாகக் கருதிய மகவை மோட்டார் வண்டியில் ஏற்றிச் செல்லுங்கால் நாம் யாது செய்கின்றோம்? தொட்டிற் கயிறு உறுதியானதோ எனப் பன்முறை இழுத்துப் பார்க்கும் தாய்தந்தையர், அக்குழந்தையையே வண்டியில் ஒரு கட்டுமின்றி மடியில் வைத்துக்கொண்டு மலையேறுகின்றனர். ஆதலின், மலைநாட்டில் பெரிதும் வழங்கும் பிக்கப் வண்டியில் குழந்தை இருக்கையைப் பொருத்தும் முறையினை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நீலகிரியின் வடபால் அடிவாரத்தே உள்ளது மசினகுடி. உதகையினின்று கல்லட்டி வழியாக அவ்வூருக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தினின்று 1,000 மீட்டர் அளவிற்கு அவ்வழி மிக விரைவில் தாழ்ந்துவிடுகின்றது. மற்றொரு வழியாகிய தெப்பக்காட்டுச் சாலை முதுமலைப் புலிகள் காப்பகத்தினூடே செல்வது. மானும் காட்டெருமையும் யானையும் குறுக்கிடுதல் அங்குப் புதுமையன்று. ஒரு வழியில் வளைவுகள், மற்றொரு வழியில் விலங்குகள். இரண்டிலும் வண்டியைத் திடீரென நிறுத்த நேரிடும். காய்கறியும் தீவனமும் சுமக்கும் பிக்கப் வண்டியே மருத்துவமனைக்கும் திருமணத்திற்கும் குடும்பத்தைச் சுமந்து செல்லும் நிலையில், இவ்விடத்தார்க்கு இந்த அறிவு இன்றியமையாததாம்.

"என் கைப்பிடியினும் வலிய பிடி உண்டோ?" என்று ஒரு தாய் வினவலாம். கணக்கு அதற்கு விடையளிக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் கடக்கின்றது. அவ்வண்டி எதன்மீதேனும் மோதி நொடியின் பத்திலொரு பங்கில் நின்றுவிடுமாயின், மடியிலுள்ள 10 கிலோ எடையுள்ள குழந்தையைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 113 கிலோ எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். எத்துணை அன்புடைய கையாயினும் அவ்வலிமை அதற்கு இல்லை. அன்றியும், தாய் தானும் வார் அணியாதிருப்பின், அவள் உடலே குழந்தையை முன்பலகையோடு நெரித்துவிடும். தாயையும் சேயையும் ஒரே வாரினால் சுற்றிக் கட்டினும் இதே கேடு விளையும்.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் இதனை உணர்ந்தே, 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பாதுகாப்பு வாரினாலேனும் குழந்தைகட்குரிய பிணிப்பமைப்பினாலேனும் காவாது வண்டி செலுத்துவோர்க்கு ரூ.1,000 தண்டம் விதித்தது. ஆயினும் தண்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும் காரணம் அறிந்து செய்வதே நிலைத்து நிற்கும்.

முதற்கண் வண்டியை ஆராய்தல் வேண்டும். பிக்கப் வண்டிகள் ஒரு வரிசை இருக்கையுடையன எனவும், இரு வரிசை இருக்கையுடையன எனவும் இருவகைப்படும். இரு வரிசையுடையதாயின், முன்னோக்கிய பின்னிருக்கையே குழந்தைக்கு உரிய இடம். ஒரு வரிசையே உள்ளதாயின், ஓட்டுநர்க்கு அருகிலுள்ள இருக்கையன்றி வேறிடம் இல்லை. அவ்விடத்திற்கு எதிரே காற்றுப்பை உளதோ என்பதை வண்டியின் கையேட்டிலும், முகப்புப் பலகையிலும், வெயில் மறைப்பிலும் உள்ள குறிப்புகளில் காணலாம். காற்றுப்பை உள்ள இடத்தில், அதனைச் செயலறச் செய்யாது, பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைத்தலாகாது. விரைந்து விரியும் பை குழந்தையின் தலைப்புறத்தையே தாக்கி உயிர்க்கு இறுதி பயக்கும். ஜீப்புகளில் காணும் பக்கவாட்டு விசுப்பலகையில் குழந்தை இருக்கை பொருந்தாது. சரக்குத் தட்டிலோ குழந்தையை மட்டுமன்று, எவரையுமே ஏற்றுதல் தகாது.

இனி, பருவத்திற்கேற்ற இருக்கை யாதெனின்: கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கையே உரியது. குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரிது, கழுத்தோ மெலிது. பின்னோக்கி அமர்ந்தால் மோதலின் விசை முதுகு முழுதும் பரவிக் கழுத்தைக் காக்கும். ஐரோப்பிய நாடுகளில் வழங்கும் ஆர் 129 என்னும் விதி, 15 மாதம் கடக்கும் வரையேனும் இவ்வாறு இருத்தல் வேண்டும் என்கின்றது. இருக்கையின் எடை உயர அளவு இடங்கொடுக்குமாயின் அதற்கு மேலும் நீட்டித்தல் நன்று. பின்னர் ஐந்து முனை வாருடைய முன்னோக்கிய இருக்கையும், அதன்பின் வண்டியின் வார் தோளிலும் இடுப்பெலும்பிலும் பொருந்துமாறு உயர்த்தும் பூஸ்டர் இருக்கையும் உதவும். பிள்ளை ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் உயரம் வளரும் வரை பூஸ்டர் தேவைப்படும். இடுப்பு வார் மட்டும் உள்ள இடத்தில் பூஸ்டரைப் பயன்படுத்துதல் கூடாது. முன்னர் விபத்திற்குள்ளான இருக்கையையும், வரலாறு அறியாத பழைய இருக்கையையும் வாங்காதிருத்தல் அறிவுடைமை.

பொருத்தும் முறையின் சாரம் இரு பிணிப்புகளே: இருக்கை வண்டியோடு பிணிபடல், குழந்தை இருக்கையோடு பிணிபடல். முதற்பிணிப்பிற்கு, வண்டியில் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இருப்பின் இருக்கையின் கொக்கிகளை அவற்றில் 'கிளிக்' என்னும் ஒலி எழ மாட்டுக. இல்லையேல், கையேடு காட்டும் வழியே வண்டியின் வாரைச் செலுத்திப் பூட்டி, இருக்கையை முழங்காலால் அழுத்திக்கொண்டு வாரின் தளர்ச்சி முழுவதையும் இழுத்துவிடுக. நம் வண்டிகளின் வார்கள் பெரும்பாலும் திடீரென இழுபடும்போது மட்டும் இறுகுவன. ஆதலின் இருக்கையிலேயே வாரைக் கவ்வும் பிடி இருப்பின் அதனையும் மாட்டுதல் வேண்டும். பின்னர் வார் செல்லும் இடத்தைப் பற்றி அசைத்துப் பார்க்க. ஓர் அங்குலத்திற்கு மேல் அசைதல் ஆகாது. பிக்கப் வண்டியின் பின்னிருக்கைச் சாய்வு செங்குத்தாகவும், அடிப்பகுதி குறுகியும் இருத்தல் இயல்பு. எனவே வாங்குமுன் அவ்வண்டியிலேயே வைத்துப் பார்த்தல் நலம். முன்னோக்கிய இருக்கைக்கு மேற்கட்டு வார் இருப்பின், வண்டியின் கையேடு காட்டும் இடத்திலேயே அதனைக் கொளுவுக. சரக்குக் கயிறு கட்டும் கொக்கி அதற்கு ஈடன்று.

இரண்டாம் பிணிப்பில் மலைநாட்டார் கருதவேண்டியது குளிராடை. உதகைக் குளிருக்கஞ்சித் தடித்த ஸ்வெட்டர் அணிவித்து அதன்மேல் வாரை இறுக்கினால், மோதலின்போது கம்பளி நசுங்க, வார் தளர்ந்து குழந்தை நழுவும். மெல்லிய ஆடையின்மேல் வாரை இறுக்கி, போர்வையை வாரின் மேலே போர்த்துக. தோளருகே வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு எழாதிருத்தல் வேண்டும். பின்னோக்கிய இருக்கையில் தோள்வார் தோள்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ, முன்னோக்கியதில் தோள்மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ புறப்படுக. இன்னும் ஒன்று: பின்னோக்கிய இருக்கையின் சாய்வைக் காட்டும் குறி சமநிலத்தில் மட்டுமே மெய் கூறும். வீட்டு வாயிற் சரிவில் நின்று சாய்வை அமைத்தால், குழந்தையின் தலை முன்கவிழ்ந்து மூச்சு தடைப்படவும் கூடும்.

வளைவுகளில் குழந்தை வாந்தியெடுத்தலும் அழுதலும் இயல்பே. அப்போது ஓடும் வண்டியில் கட்டவிழ்த்து மடிக்கு எடுத்தல் செய்த காவலையெல்லாம் வீணாக்கும். காட்டினுள் வண்டியை நிறுத்துதல் தகாதாகலின், காட்டெல்லைக்கு முன்பே ஊர்ப்புறத்தில் நிறுத்தி, பாலூட்டி, இளைப்பாற்றிப் புறப்படுக.

இவற்றுள் அரியது எதுவெனின், பொருத்துதலன்று; எண்ணுதலே. மூவர்க்கே இடமும் வாரும் உள்ள வண்டியில் அறுவர் ஏறின், எவ்விருக்கையும் காவாது. வார்கள் எத்துணையோ அத்துணைப் பேரே ஏறுவர் என்று குடும்பத் தலைவர் துணிதல் வேண்டும். எஞ்சியோர் பேருந்தில் வருக. உறவினர் மனவருத்தம் ஒரு நாளில் ஆறும். பிள்ளையை இழந்தார் துயரோ ஆறாது. ஆகவே, வீட்டில் மகவுக்கு மடியும், வழியில் வாரும் வழங்குவோமாக.