வாடிக்கைக்காரருக்காக வேண்டுதல்



காலையில் கடை திறக்கும் வணிகர் பலரும் முதலில் செய்வது வழிபாடே. ஒருவர் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டுவார். மற்றொருவர் சிலுவை அடையாளமிட்டோ, கண்மூடிச் சிறு ஜெபம் ஒன்றைச் சொல்லியோ கல்லாவின் முன் அமர்வார். அவ்வேளையில் அவர்கள் வேண்டுவது யாது? வியாபாரம் நன்கு நடக்க வேண்டும், வரவேண்டிய பாக்கி வந்து சேர வேண்டும், நட்டம் நேரக்கூடாது. இவ்வேண்டுதலில் குற்றம் ஒன்றும் இல்லை. உழைப்பவன் தன் உழைப்பின் பயனை இறைவனிடம் கேட்பது இயல்பே. ஆயினும் அவ்வேண்டுதலில் ஒருவர் விடுபட்டுப் போகிறார். அவர்தாம் அக்கடையின் படியேறி வரும் வாடிக்கைக்காரர். அவர் வரவேண்டும் என்று வேண்டுகிறோம். அவர் வாழவேண்டும் என்று வேண்டுகிறோமா? இக்கேள்வியைக் கிறிஸ்தவ மரபு எவ்வாறு எதிர்கொண்டது என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கிறிஸ்தவ சமயத்தில் ஜெபம் ஒரே வகைப்பட்டதன்று. இறைவனைப் போற்றுதல், நன்றி கூறுதல், பிழை பொறுக்க வேண்டுதல், தன் தேவையைக் கேட்டல், பிறர்க்காக மன்றாடுதல் எனப் பல வகைகள் உண்டு. இறுதியாகச் சொன்ன மன்றாட்டே இங்கு நாம் கருதும் பொருள். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், மனிதர் அனைவருக்காகவும் வேண்டுதல் செய்யுமாறு பணிக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது எரேமியா தீர்க்கதரிசியின் கடிதம். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்ட தம் மக்களுக்கு அவர் அதனை எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், நீங்கள் வாழும் அந்நகரத்தின் நலத்துக்காக இறைவனை வேண்டுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலமும் அடங்கியிருக்கிறது என்பது அக்கடிதத்தின் கருத்து. பகைவரின் ஊருக்கே இவ்வாறு வேண்டலாமெனின், நாள்தோறும் நம் கையில் காசு கொடுத்து நம் குடும்பத்தைக் காப்பவருக்காக வேண்டுவது மிகையாகுமா?

இங்கிலாந்தில் வில்லியம் லா என்னும் சமய அறிஞர் ஒருவர் வாழ்ந்தார். 1686-ஆம் ஆண்டில் பிறந்தவர். முதலாம் ஜார்ஜ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யத் தம் மனச்சான்று இடந்தராமையால், கேம்பிரிட்ஜில் தமக்கிருந்த பதவியை இழந்தவர். பக்தி வாழ்வைப் பற்றி அவர் எழுதி 1728-ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் இன்றும் படிக்கப்படுகிறது. அதில் கற்பனை மாந்தர் பலரைப் படைத்துக் காட்டுகிறார். அவர்களுள் காலிடஸ் என்னும் வணிகர் ஒருவர். நாட்டின் தலைநகரில் முப்பதாண்டுகளுக்கு மேலாக வாணிகம் செய்பவர். நாளின் ஒவ்வொரு நாழிகையும் அவருக்கு வியாபார நாழிகை. ஆயினும் புயலும் மழையும் வீசும் நாள்களில் மட்டும் அவர் தவறாமல் சிறு ஜெபம் ஒன்றைச் சொல்வார். ஏன் தெரியுமா? எப்போதும் அவருடைய சரக்கு ஏதேனும் ஒரு கப்பலில் கடல்மேல் போய்க்கொண்டிருக்கும்! அச்சரக்கை எதிர்நோக்கி அக்கரையில் நிற்போரைப் பற்றி அவர் ஜெபத்தில் ஒரு சொல்லும் இல்லை. படிக்கும்போது நமக்கு நகை தோன்றுகிறது. சற்று நின்று எண்ணினால் நாணமும் தோன்றுகிறது.

அதே நூலில் லா, ஒரு நாளின் வேளைகளுக்கு ஒவ்வொரு ஜெபப் பொருளை வகுத்துத் தருகிறார். பிறர்க்கான மன்றாட்டை அவர் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்தார். நண்பகல் என்பது சந்தை நிறைந்திருக்கும் வேளை. பேரமும் சினமும் மிகுந்திருக்கும் வேளை. மன்றாட்டின் பயனை விளக்க அவர் சுசுரஸ் என்னும் மற்றொரு பாத்திரத்தைப் படைக்கிறார். முணுமுணுப்பு என்னும் பொருள்தரும் லத்தீன் சொல்லே அவர் பெயர். நல்லவர், பக்திமான், ஆயினும் புறங்கூறும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. ஒரு நாள் நண்பர் ஒருவர் காதில் மற்றொருவரைப் பற்றித் தீமொழி ஒன்றைச் சொன்னார். அந்நண்பர் வாதாடவில்லை. வீட்டுக்குப் போய், யாரைப் பற்றிப் பேசினீரோ அவருக்காக மனமுருகி ஜெபியும் என்று மட்டும் சொன்னார். சுசுரஸ் அவ்வாறே செய்தார். அதன்பின் புறங்கூற அவருக்கு நா எழவில்லை.

இதிலிருந்து ஆசிரியர் காட்டும் உண்மை எளியது. ஒருவருக்காக உண்மையோடு வேண்டிக்கொண்டு, அதே நேரத்தில் அவர்பால் வெறுப்போ வஞ்சகமோ வைத்திருத்தல் இயலாது. வேண்டுதல் முதலில் மாற்றுவது வேண்டுபவரையே.

இதனை நான் ஏட்டில் மட்டும் கண்டறிந்தேன் அல்லேன். நான் வணிகன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணிபுரிந்தவன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதியவர் ஒருவர், வகுப்புக்குச் செல்லுமுன் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை ஒருமுறை மனத்துக்குள் படித்து, ஒவ்வொருவருக்காகவும் ஒரு சொல் வேண்டிக்கொள்ளுமாறு கூறியிருந்தார். தலைமையாசிரியரான பின்னர் நான் அதனை மறந்துவிட்டேன். ஒரு மாணவன் தொடர்ந்து வாராமையால் அவன் பெயரை நீக்கிவிடப் பேனாவை எடுத்தேன். அன்று ஏனோ பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது. அவனுக்காக வேண்ட முயன்றேன். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தந்தை என்ன தொழில் செய்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது. பேனாவை வைத்துவிட்டு விசாரித்தேன். தந்தை நோயில் கிடந்தமையால் அவன் விடியலில் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தான். இரண்டாம் பாடவேளையில் வந்தால் போதும் என்று ஏற்பாடு செய்தேன். அவன் படிப்பை முடித்தான். நான் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு முன் எத்தனை பெயர்களை விசாரியாமலே நீக்கினேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. மன்றாட்டு ஒருவனை விசாரிக்க வைக்கிறது; அறியாதவருக்காக ஆழ்ந்து வேண்ட எவராலும் இயலாது.

இனி வணிகத்துக்கு வருவோம். வாங்குவோரின் நலம் வேண்டுபவர் கையில் கள்ளத் தராசு இருக்கலாகாது. கள்ளத் தராசை இறைவன் வெறுக்கிறார் என்று நீதிமொழிகள் கூறும். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் முனிவர் தம் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கில், மடத்துக் கைவினைப் பொருள்களை விற்பதற்கென ஒரு விதி உண்டு. விற்பவர் வஞ்சனை செய்யலாகாது. வெளியார் விற்கும் விலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும் என்பது அவ்விதி. ஜெபிப்பதையே வாழ்வாகக் கொண்டவர்கள் விலைச்சீட்டையும் ஜெபத்தின் ஒரு பகுதியாகக் கருதினர். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் இங்கிலாந்தில் தொடங்கிய குவேக்கர் இயக்கத்தினர் பேரம் பேசுவதையே விட்டனர். பொருளுக்கு ஒரே விலை சொன்னார்கள். தொடக்கத்தில் மக்கள் அவர்கள் கடைகளை விட்டு விலகினர். பின்னர், சிறு பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமின்றிப் பொருள் வாங்கி வரலாம் என்று கண்டு அவர்களையே நாடினர் என்று பாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார்.

குவேக்கர்கள் தம் கூட்டங்களில் எழுதி வைத்த ஜெபங்களைப் படிப்பதில்லை. மௌனமாக அமர்ந்து, இறைவன் உள்ளத்தில் உணர்த்துவதற்குக் காத்திருப்பர். பிறரையும் அம்மௌனத்தில் இறைவன் திருமுன் நினைவில் தாங்குவர். இத்தகைய வழிபாட்டில் வளர்ந்தவர் ஜான் உல்மன். 1720-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் நியூ ஜெர்சிப் பகுதியில் பிறந்த இவர், மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் கடைக் கணக்கராகத் தொழிலைத் தொடங்கினார். அந்நாளில் அங்கே அடிமை வாணிகம் சட்டத்துக்கு உட்பட்டது. ஒரு நாள் முதலாளி தம் அடிமைப் பெண் ஒருத்தியை விற்று, விற்பனைப் பத்திரத்தை எழுதுமாறு உல்மனைப் பணித்தார். வாங்குபவர் அருகில் காத்திருந்தார். எண்ணிப் பார்க்க நேரமில்லை, உல்மன் எழுதிவிட்டார். ஆயின் மனம் பொறாமல், அடிமை வைத்திருத்தல் கிறிஸ்தவ சமயத்துக்கு ஒவ்வாது என்று இருவர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னது நன்றே, எனினும் எழுதியது எழுதியதே. அந்த உறுத்தல் அவர் வாழ்நாளை மாற்றியது.

பின்னர் அவர் தையற்காரராகவும் கடைக்காரராகவும் ஆனார். முதலில் ஆடைக்கு வேண்டிய சிறு பொருள்களை விற்றார். பிறகு துணிகளையும் விற்றார். ஆண்டுதோறும் வியாபாரம் பெருகிற்று. அங்கே கடனுக்கு விற்பதே வழக்கம். ஏழைகள் தேவைக்கு மிஞ்சி வாங்குவர். தவணையில் கொடுக்க இயலாது. கடைக்காரர் வழக்குத் தொடுப்பர். இதனைப் பலமுறை கண்ட உல்மன், விலை மிகுந்த பொருளை விடுத்துப் பயன்மிக்கதும் மலிவானதுமான பொருளையே வாங்குமாறு தம் ஏழை வாடிக்கைக்காரர்களுக்கு அறிவுரை கூறலானார். 1756-ஆம் ஆண்டளவில், பெருகும் வியாபாரம் தம் மனத்துக்குச் சுமையாவதை உணர்ந்து, வேறு கடை பார்த்துக்கொள்ளுமாறு வாடிக்கைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடையைச் சிறிது சிறிதாகக் குறைத்து மூடினார். தையல் தொழிலும் ஆப்பிள் நாற்றுத் தோட்டமும் அவருக்குப் போதுமானவையாயின.

அவர் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. அவர் உயில் எழுதிக் கொடுப்பதும் உண்டு. அதில் நல்ல வருவாய் கிடைத்தது. உடலில் பலத்த அடிபட்ட அண்டைவீட்டார் ஒருவர் உல்மனை அழைத்து, அக்கால வைத்தியப்படி இரத்தம் எடுக்கச் செய்து, பின்னர் உயிலும் எழுதச் சொன்னார். தம் இளம் அடிமைப் பெண்ணை எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதும் அதில் அடங்கும். நோயாளியின் துன்பத்தைக் கண்ட உல்மன் மறுத்துவிட்டு வெளியேறவில்லை. அடிமையைப் பற்றிய பகுதி நீங்கலாக உயிலை எழுதி, படுக்கையருகே சென்று படித்துக் காட்டினார். மனிதரை அடிமையாக்கும் பத்திரத்தை எழுதத் தம் மனம் இடந்தரவில்லை என்று அன்போடு சொன்னார். எழுதிய பகுதிக்குக் கூலியும் வேண்டாம் என்றார். இருவரும் நெடுநேரம் பேசினர். இறுதியில் அப்பெண்ணை விடுவிக்க அவர் இசைந்தார். உல்மன் உயிலை முடித்துக் கொடுத்தார். 1772-ஆம் ஆண்டில் உல்மன் இங்கிலாந்தின் யார்க் நகரில் அம்மை நோயால் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1776-இல், பிலடெல்பியாவின் குவேக்கர் ஆண்டுப் பேரவை, தன் உறுப்பினர் அடிமை வைத்திருத்தலை விலக்கியது.

அந்தப் படுக்கையருகே நடந்ததை எண்ணிப் பாருங்கள். கட்சிக்காரர் கேட்டதைச் செய்து கூலி பெறுவது ஒரு வழி. அவரைக் கடிந்துவிட்டுப் போவது மற்றொரு வழி. உல்மன் இரண்டையும் விடுத்தார். கேட்பவரின் விருப்பம் வேறு, அவருடைய நன்மை வேறு என்று பிரித்தறிந்தார். வாடிக்கைக்காரருக்காக வேண்டுபவர் பெறவேண்டிய அறிவு இதுவே. வெல்லாத வழக்கை வெல்லும் என்று சொல்லாத வழக்கறிஞரும், வேண்டாத மருந்தை எழுதாத மருத்துவரும், தாங்காத கடனைத் தலையில் கட்டாத வணிகரும் இவ்வேண்டுதலைச் செயலில் காட்டுபவர்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, இவ்வேண்டுதல் விளம்பரமாகிவிடலாகாது. உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லி வாடிக்கை பிடிப்பது ஜெபத்தையே சரக்காக்குவதாகும். கதவைப் பூட்டிக்கொண்டு மறைவில் ஜெபிக்குமாறு இயேசுநாதர் மலைப் பிரசங்கத்தில் கற்பித்தார். வாடிக்கைக்காரர் வேறு சமயத்தவராயின் இம்மறைவு இன்னும் இன்றியமையாதது. அவர் நலத்தை வேண்டலாம். அவர் நம்பிக்கையின்மேல் கை வைக்கலாகாது. இரண்டாவது, ஜெபம் செயலுக்கு ஈடாகாது. ஆடையும் உணவும் இல்லாதவனுக்கு அவற்றைக் கொடாமல், நலமாகப் போய்வா என்று வாழ்த்தி அனுப்புவதால் பயன் என்ன என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்கிறார். எடை குறைந்த படியின்மேல் சொல்லும் ஜெபமும் அத்தகையதே.

இதனை நடைமுறைப்படுத்த நெடுநேரம் வேண்டியதில்லை. மாலையில் கணக்கை முடிக்கும்போது பற்றுவரவு ஏட்டின் பெயர்களை ஒருமுறை படியுங்கள். தொகையை ஒரு கணம் மறந்து ஆளை நினையுங்கள். இவர் வீட்டில் நோய் உண்டா? இவர் மகளுக்குத் திருமணமா? இன்று இவருக்கு நான் கொடுத்த பொருள் இவருக்குப் பயன்படுமா? தெரிந்ததைச் சொல்லி வேண்டுங்கள். தெரியாததை மறுநாள் விசாரியுங்கள். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் நமக்குக் கற்பித்திருக்கிறார். பிறர் பொருளைத் தம் பொருள்போல் கருதக் கற்றவர்க்கு, பிறர் வாழ்வையும் தம் வாழ்வுபோல் கருதி வேண்டுவது அடுத்த படியே ஆகும்.