வாசலில் தேங்கிய நீரும் வாய்ச்சொல்லாய்ப் போன முறைப்பாடும்

மழை விட்டு நான்கு நாட்களாகியும் அந்த ஒழுங்கையில் கணுக்காலளவுக்குக் கறுத்த நீர் நின்றது. குப்பை அடைத்த வடிகான் வீட்டு வாசலை ஒட்டிக் கிடந்தது. அந்த நீர் கிணற்றிலும் கலந்து, அவ்வீட்டு ராத்தாவின் சின்ன மகன் வயிற்றோட்டத்தால் ஐந்து நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

"கவுன்சிலுக்குச் சொல்லவில்லையா ராத்தா?" என்று கேட்டேன்.

"சொல்லாமலா தங்கச்சி? மூணு வருஷமாச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மெம்பருக்குச் சொன்னேன், கந்தோருக்கும் போய்ச் சொன்னேன். 'செஞ்சு தாறோம்' எண்டு சொல்லித்தான் அனுப்பினாங்க."

"எழுதிக் கொடுத்தீங்களா?"

"எழுதியா? அதெல்லாம் ஆம்புளைகள் பாக்கிற வேலைதானே. அவரும் வெளிநாட்டில..."

மூன்று வருடங்களாக அலைந்திருக்கிறார். ஆனால் அதற்குச் சாட்சியாக ஒரு துண்டுக் கடதாசி கூட அவரிடம் இல்லை. சபையின் கோப்புகளைப் பொறுத்தவரை அப்படியொரு முறைப்பாடு பிறக்கவேயில்லை!

நம் வீடுகளில் குப்பை, வடிகான், தெருவிளக்கு, ஒழுங்கைப் பாதை ஆகியவற்றால் நாள்தோறும் அல்லற்படுபவர்கள் பெண்களே. எனவே முறைப்பாட்டை எங்கே, எப்படிச் செய்வது, அதை விசாரிப்பவர் யார், என்ன பரிகாரம் கிடைக்கும் என்பவற்றை அறிந்திருக்க வேண்டியவர்களும் அவர்களே.

இது சலுகையல்ல, கடமை

நம் நாட்டில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூவகை உள்ளூராட்சி சபைகள் உள்ளன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பைப் பிரதேச சபையிடம் ஒப்படைத்துள்ளது. மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதும் அதே சட்டம் சொல்லும் கடமைதான். நாம் சோலை வரி செலுத்துகிறோம். வடிகானைத் துப்புரவு செய்து தருவது யாரும் நமக்குச் செய்யும் தயவு அல்ல.

ஆனாலும் எல்லாக் குறைகளும் சபைக்குரியவை அல்ல. பிரதான வீதியோர வடிகான் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியதாக இருக்கலாம். குழாய் நீர் பல இடங்களில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. விலாசம் தவறிய முறைப்பாடு மாதக் கணக்கில் சுற்றித் திரியும். ஆகவே பாதை யாருடையது என்று முதலில் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

எழுத்தில் இருக்கட்டும்

முறைப்பாட்டைச் சபையின் செயலாளருக்கு எழுதுங்கள். மாநகர சபையாயின் மாநகர ஆணையாளருக்கு எழுதுங்கள். தவிசாளருக்கோ மேயருக்கோ ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரே பக்கம் போதும். இடம் எது, குறை எப்போது தொடங்கியது, அதனால் வீட்டாருக்கு நேர்ந்தது என்ன, சபை செய்ய வேண்டியது என்ன என்ற நான்கும் அதில் இருக்கட்டும். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுப்படையாக எழுதாதீர்கள். "இத்தனையாம் இலக்க வீட்டிலிருந்து சந்தி வரையுள்ள வடிகானைத் துப்புரவு செய்து, உடைந்த மூடியை மாற்றித் தரவும்" என்று எழுதுங்கள். கேட்டது தெளிவாக இருந்தால்தான் செய்தார்களா இல்லையா என்பதும் தெளிவாகும்.

நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒழுங்கையில் உள்ள மற்றக் குடும்பங்களும் கையொப்பமிட்டால் இன்னும் பலம். கிணற்று நீர் கெட்டிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

"எனக்குச் சிங்களம் எழுத வராதே" என்று தயங்க வேண்டாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

மெம்பரிடம் சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. ஆணிடம் சொல்லக் கூச்சப்படும் சகோதரிகளுக்கு இது நல்ல வழி. ஆனால் மெம்பரிடம் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக் காலம் முடிந்தபோது உறுப்பினர்கள் வீடு சென்றார்கள். 2025 மே 6இல் தேர்தல் நடக்கும் வரை அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். மெம்பரிடம் வாயால் சொன்ன குறைகள் அவரோடு போய்விட்டன. கோப்பிலிருந்த கடிதமோ கோப்பிலேயே இருந்தது.

பதில் வராவிட்டால்?

இங்கேதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கிறது. இது 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பித்து இப்படிக் கேட்கலாம்: எனது இன்ன திகதிக் கடிதம் எந்த இலக்கத்தில் பதியப்பட்டது? எந்த அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது? அவர் இடத்தைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை என்ன? இவ்வொழுங்கையின் வடிகானுக்கு இவ்வருடம் எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது?

ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் அதே சபையில் மேன்முறையீட்டுக்கென நியமிக்கப்பட்டவரிடம் முறையிடலாம். அதிலும் திருப்தியில்லையேல் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவை நாடலாம்.

இந்தச் சட்டம் வடிகானை வெட்டித் தராதுதான். ஆனால் "உங்கள் கடிதம் எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று சொல்லும் வழியை அது அடைத்துவிடுகிறது. பதில் எழுத உட்காரும் அலுவலர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டுமல்லவா?

விசாரிப்பவர்கள் யார்?

சபைக்கு மேலே முதற்படி, மாகாண உள்ளூராட்சி ஆணையாளர். மாவட்டத்தில் அவருடைய உதவி ஆணையாளர் இருக்கிறார். அவருக்கு எழுதும்போது சபைக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகளை இணையுங்கள். அவர் சபையிடம் விளக்கம் கேட்கலாம்.

அடுத்தவர் ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர். இப்பதவி 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. முன்பு பாராளுமன்ற உறுப்பினர் வழியாகவே இவரை அணுக முடிந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் பொதுமக்கள் நேரடியாகவே எழுதலாம். உள்ளூராட்சி அலுவலரால் நேர்ந்த அநீதியை இவர் விசாரிப்பார். அநீதி என்று கண்டால், தீர்மானத்தை மீள ஆராயவும் தவறைத் திருத்தவும் சிபாரிசு செய்வார். அது நீதிமன்றக் கட்டளை அல்ல. ஆயினும் சிபாரிசு புறக்கணிக்கப்பட்டால் அவர் ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் அறிக்கையிடலாம்.

பக்கத்து ஒழுங்கைக்கு எல்லாம் நடந்து, இனம் அல்லது அரசியல் காரணமாக உங்கள் ஒழுங்கை மட்டும் ஒதுக்கப்பட்டால் அது சமத்துவ உரிமை பற்றிய விடயம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம் உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

கடமையைச் செய்யுமாறு சபைக்கு உத்தரவிடும் எழுத்தாணையை மாகாண மேல் நீதிமன்றத்தில் கோரலாம். வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் துணையை நாடலாம். வேலையை முடித்துத் தர யாரேனும் பணம் கேட்டால் அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குரியது. இலஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அலட்சியத்தின் விலை

"ஒரு குப்பைக்காக இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்கலாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளைப் புதைத்ததை நினைத்துப் பாருங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. குப்பையில் பெரும்பகுதி கொழும்பு மாநகரத்தினுடையது. அதன் நிழலில் வாழ்ந்தவர்களோ கொலன்னாவைப் பகுதி மக்கள். அந்த மேட்டை அகற்றுமாறு அவர்கள் பல வருடங்கள் போராடியிருந்தார்கள். அவர்களது குரல் உரிய காலத்தில் மதிக்கப்பட்டிருந்தால்? முறைப்பாடு என்பது வெறும் முணுமுணுப்பல்ல, சில வேளை அது உயிர் காக்கும் எச்சரிக்கை.

அந்த ராத்தா கடைசியில் எழுதினார். பத்தாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகள் எழுத, ஒழுங்கையின் பதினொரு வீடுகளும் கையொப்பமிட்டன. முதற் கடிதத்துக்குப் பதிலில்லை. தகவல் கேட்டு விண்ணப்பம் போன பின்னரே ஓர் அலுவலர் வந்து அளந்து சென்றார். அடுத்த மழைக்கு முன் வடிகான் துப்புரவானது. உடைந்த மூடி மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது.

"அதுக்கும் கடிதம் போட்டாச்சு தங்கச்சி" என்று சிரித்தார் ராத்தா. கையில் ஒரு கோப்பு. அதில் முத்திரையிட்ட பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள், எல்லாம் திகதி வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன.

சகோதரிகளே! உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு கோப்பு இருக்கட்டும்.