வயிற்றினுள்ளே ஒரு கண்

முள்ளிக்குளத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு வயிறு நொந்தால், நாம் முதலில் நாடுவது ஓமநீரையே. பெரும்பாலும் நோவு தணிந்துவிடும். தணியாது வலப்புற அடிவயிற்றில் நிலைகொள்ளும் நோவோ வேறு வகையினது.

அது குடல்வால் அழற்சியா, சூலகம் முறுகியதா என வெளியிலிருந்து துணிதல், இளம் பெண்களிடத்து எளிதன்று. முன்னாளில் ஐயந்தீர வயிற்றைக் கீறிப் பார்த்தனர். உள்ளே பழுதற்ற குடல்வாலைக் கண்டதும் உண்டு.

இன்று, ஸ்கான் பரிசோதனையாலும் ஐயம் தீராதவிடத்து, கொப்பூழருகே ஒரு சிறு துளையிடுவர். காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, மெல்லிய குழாய்வழியே கமெராவைச் செலுத்துவர். உள்ளுறுப்புகள் திரையில் தெரியும். நோய் புலப்பட்டால், வேறிரு துளைகளூடே கருவிகளை நுழைத்து அப்பொழுதே சிகிச்சை செய்வர். காண்பதும் களைவதும் ஒரே மயக்கத்தில் முடிகின்றன. தழும்பும் சிறிது, படுக்கை நாளும் குறைவு.

1972இல் பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா இக்குழாயால் வயிற்று நோய்களை ஆராயத் தொடங்கினார். 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் கூர்ட் செம் இம்முறையால் குடல்வாலை அகற்றியபோது, சத்திரவைத்தியர் பலர் அவரைக் கடிந்தனர். இன்று அதுவே உலகெங்கும் வழக்கமாயிற்று.

ஆயினும், எல்லார்க்கும் இது பொருந்தாது. குருதி பெருகி உயிர் தளர்ந்தவருக்கு வயிற்றைத் திறப்பதே வழியாகலாம். தெரிவு வைத்தியருடையது. நம் கடமை வேறு: பேதிமருந்து கொடாதிருத்தல், விடியுமட்டும் காத்திராது மன்னார் வைத்தியசாலைக்குப் புறப்படுதல். வீட்டிலேயே கிடப்பவரின் வயிற்றை எந்தக் கண்ணும் காணாதன்றோ!