உங்கள் டேட்டாவுக்கும் ஒரு நூலகர் வேண்டும்!

என் அக்கா மகள் எம்.எஸ்சி. ஆய்வுக்காக நான்கு மாதம் வீடு வீடாகப் போய்க் குடிநீர் பற்றிக் கணக்கெடுத்தாள். எல்லாம் லேப்டாப்பில், ஒரே எக்ஸெல் பைலில். அறிக்கை கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

"மாமா, ஏதாவது பண்ணுங்க" என்று போனில் அழுதாள். எனக்கு முன்பு மெயிலில் அனுப்பிய பழைய பைல் இருந்தது. திறந்தால், 'கே7' என்ற தலைப்பின் கீழ் 1, 2, 3 என்று எண்கள். எது எதைக் குறிக்கிறது என்று அவளுக்கே நினைவில்லை!

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதும் இன்று நூலகங்களின் வேலை. ஆய்வு நிதி கேட்பவர்கள், டேட்டாவை எப்படிப் பராமரிப்போம் என்ற திட்டத்தையும் எழுதித்தர வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 ஜனவரியில் விதித்தது. அதே ஆண்டு கலிபோர்னியா டிஜிட்டல் லைப்ரரியும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து 'டிஎம்பி டூல்' என்ற இணையக் கருவியைத் தந்தன. அது கேள்வி கேட்கும். பதில் எழுதினால் திட்டம் தயார். ஜெர்மனியின் ஹானோவரில் உள்ள டிஐபி நூலகம், 2005 முதல் ஆய்வு டேட்டாவுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் வழங்குகிறது.

நூலகர்கள் சொல்லும் பாடம் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

பெயர்: 'பைனல்', 'நியூ பைனல்' வேண்டாம். 2024-03-15 என வருடத்தில் தொடங்கித் தேதியிட்டால் பைல்கள் தானே வரிசையாக நிற்கும்.

விளக்கம்: 1 என்றால் கிணறு, 2 என்றால் குழாய் என்று நோட்பேடில் எழுதி அதே போல்டரில் வையுங்கள்.

பார்மட்: எக்ஸெல் பைலோடு, 'சிஎஸ்வி யுடிஎப்-8' வடிவிலும் சேமியுங்கள். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடலாம். ஒரு ஷீட் மட்டுமே சேமிக்கப்படும். எனவே ஒவ்வொன்றையும் தனியாகச் சேமியுங்கள்.

நகல்: மூன்று வேண்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஸ்டான்போர்டு பல்கலை நூலகம் 1999-ல் மின் இதழ்களுக்காகத் தொடங்கிய 'லாக்ஸ்' திட்டத்தின் தத்துவமும் இதுதான். பல நூலகங்கள் நகல்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று பழுதானால் மற்றதைக் கொண்டு சரிசெய்யும்.

நல்லவேளை, கையால் எழுதிய படிவங்கள் பரண்மேல் இருந்தன. இரவெல்லாம் உட்கார்ந்து இருவரும் மறுபடி டைப் செய்து முடித்தோம். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி எதுவும் இல்லையென்றால், இன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.