நீங்க வாங்காத உயிர் உங்க தொட்டியில் இருந்தா?

இங்கிலாந்தின் நியூக்கீ ஊரில் ப்ளூ ரீஃப் அக்வேரியம் இருக்கு. அங்கே ஒரு தொட்டியில் பவளங்கள் உடைஞ்சுகிட்டே இருந்தன, மீன்களுக்கும் காயம். பொறி வெச்சும் எதுவும் சிக்கலை. கடைசியா 2009-ல் கல் கல்லா பிரிச்சுப் பார்த்தாங்க. ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு பாபிட் புழு வெளியே வந்தது. அதை யாரும் வாங்கி விடலை. குட்டியா இருந்தப்போ கல்லுக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கணும்.

இப்படி டிக்கெட் எடுக்காம வர்ற உயிர்களுக்கு ஹிட்ச்ஹைக்கர்னு பேர். உப்புத்தண்ணி அக்வேரியத்தில் 'லைவ் ராக்'னு ஒரு கல் போடுவாங்க. அது பழைய பவளக் கூடு. அதோட துளைகளில் வாழும் பாக்டீரியாதான் மீன் கழிவிலிருந்து வர்ற அம்மோனியாவை மாத்தி தண்ணியைச் சுத்தமா வைக்கும். அந்தத் துளைகளிலேயே புழு, நண்டு, நத்தைன்னு ஒரு கூட்டமும் சேர்ந்து வரும். இதில் பெரும்பாலானவை நல்லவை. அதனால புதுசா எதையாவது பார்த்ததும் கொல்லப் போகாதீங்க. முதல்ல அது யாருன்னு கண்டுபிடிங்க.

எப்படி? நாம கோடை டீபக் பண்ற மாதிரிதான். முதல்ல தகவல் சேர்க்கணும். விளக்கு அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு சிவப்பு வெளிச்சத்தில் பாருங்க. பல உயிர்களுக்கு சிவப்பு சரியாத் தெரியாது, ஓடி ஒளியாது. போட்டோ எடுங்க. அப்புறம் நாலு கேள்வி: ஒட்டிக்கிட்டு இருக்கா, நகருதா? கால் இருக்கா, ஓடு இருக்கா? பகலில் வருதா, ராத்திரியிலா? அது வந்த பிறகு தொட்டியில் என்ன சேதம்?

அடிக்கடி மாட்டுறவங்க இவங்கதான்.

ஐப்டேசியா: பழுப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி உடம்போட, குட்டித் தென்னை மரம் போல நிக்கும் கடல் சாமந்தி. தொட்டா சட்டுனு உள்ளே இழுத்துக்கும். பக்கத்துப் பவளங்களைக் கொட்டும். இதைச் சுரண்டி எடுக்கவே கூடாது. கல்லில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டிலிருந்தும் புதுசா வளரும். ஒண்ணை வெட்டினா பத்தா திரும்பி வரும். பெப்பர்மின்ட் இறால் இதைத் தின்னும். பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தைக்கு இதுதான் சாப்பாடே.

முள்புழு: உடம்போட ரெண்டு பக்கமும் மெல்லிய முள் வரிசை. பார்க்க பயமா இருக்கும், ஆனா பெரும்பாலானவை மிச்சம் மீதியைத் தின்னும் துப்புரவுப் பணியாளர்கள். வெறும் கையால் மட்டும் தொடாதீங்க, முள் ஏறிடும். இதன் உறவினரான ஃபயர்வார்ம்தான் பவளம் தின்னும். அதுக்கு வெள்ளை முள் கொத்துக் கொத்தா இருக்கும், பக்கத்திலேயே சிவப்புச் செவுள்கள் தெரியும்.

'டக் டக்' சத்தம்: இதுக்கு சந்தேகப் பட்டியலில் ரெண்டு பேர். ஒண்ணு பிஸ்டல் இறால்; ஒரு கொடுக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பெருசா இருக்கும். பெரும்பாலும் பிரச்சினை பண்ணாது. இன்னொண்ணு மான்டிஸ் இறால். கண்கள் காம்பு மேல நின்னு தனித்தனியா சுழலும். இது நண்டு, நத்தை, மீனையெல்லாம் வேட்டையாடும். இதில் மயில் மான்டிஸ் வகையோட அடி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தைத் தாண்டும். பம்ப் லேபில் கேவிட்டேஷன் படிச்சிருப்பீங்களே, அதேதான்: அடிக்கிற வேகத்தில் தண்ணியில் குமிழி உருவாகி வெடிக்கும். அந்த வெடிப்பே ரெண்டாவது அடியா விழும். பிஸ்டல் இறால் எழுப்பும் சத்தமும் குமிழி வெடிக்கிற சத்தம்தான். அதனால சத்தத்தை மட்டும் வெச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க, கண்ணையும் கொடுக்கையும் பாருங்க.

கண்ணாடியில் ஓடும் வெள்ளைப் புள்ளிகள்: பெரும்பாலும் கோப்பிபாட். மீனுக்கு நல்ல சாப்பாடு. சந்தோஷப்படுங்க.

இப்போ முக்கியமான விஷயம். "ஒண்ணும் புரியலை, கல்லையே கொதிக்க வெச்சுடலாம்"னு தோணும். தயவுசெஞ்சு வேணாம். லைவ் ராக்கில் பட்டன் போலக் கூட்டமா, விளிம்பில் குட்டி விரல்களோட வளரும் ஜோவாந்திட் வகை உயிர்கள் இருக்கலாம். அவற்றில் சிலதில், குறிப்பா பாலித்தோவா இனத்தில், பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கு. கொதிக்க வெச்சாலும் வெந்நீர் ஊத்தினாலும் பிரஷ் போட்டுத் தேய்ச்சாலும் அது நீர்த்துளிகளோட காற்றில் கலந்து மூச்சுக்குள் போகும். அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை அக்வேரியம் கடைகளிலும் வீடுகளிலும் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டதா சந்தேகிச்சு, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2015-ல் அறிக்கை வெளியிட்டது. ஒரே அறையில் இருக்கிற அம்மா, தம்பி எல்லாரும் சேர்ந்தே பாதிக்கப்படலாம். கையுறை, கண்ணாடி இல்லாம அந்தக் கல்லைத் தொடவே வேணாம்.

அப்போ என்னதான் செய்யறது? புதுக் கல்லை நேரா தொட்டியில் போடாம, தனி வாளியில் உப்புத்தண்ணி, ஏர் பம்ப், ஹீட்டரோட சில வாரம் வெச்சு ராத்திரியில் கவனிங்க. வேண்டாத ஆள் தெரிஞ்சா, அந்தக் கல்லை மட்டும் வெளியே எடுத்து இடுக்கியால் பிடிக்கலாம். யாருன்னு தெரியலைன்னா தனித் தொட்டியில் விடுங்க. அதுக்குள்ள அது என்ன தின்னுதுன்னு பார்த்தாலே பாதி விடை கிடைச்சுடும். பிடிச்சதைக் கடலில் மட்டும் கொண்டுபோய் விடாதீங்க. அது நம்ம கடலைச் சேர்ந்ததா இல்லாம இருக்கலாம்.

கடைசியா ஒண்ணு. "கடைக்காரர்கிட்ட எதுக்கு, ராமேஸ்வரம் பக்கம் போனா கல் சும்மா கிடைக்குமே"ன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. பவளங்களுக்கு 1972-ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு இருக்கு. அங்கேயிருந்து எடுத்துட்டு வந்தா, தொட்டிக்குள்ள வர்ற பிரச்சினையை விட வெளியே வர்ற பிரச்சினை பெருசு.