கைப்பற்றுவது வேறு, திறந்து பார்ப்பது வேறு

தென் சென்னையின் வழக்குகள் பல வந்து சேரும் சைதாப்பேட்டை நீதிமன்ற வளாகத்தில், காவல்துறை வழக்குச் சொத்தாக ஒப்படைக்கும் பொருள்களுள் கைபேசி இன்று தவறாமல் இடம்பெறுகிறது. கத்தியும் திருட்டு நகையும் ஒரு குற்றத்தைப் பற்றி மட்டுமே பேசக்கூடியவை. கைபேசியோ தன்னை வைத்திருந்தவரின் வங்கிக் கணக்கையும், மருத்துவக் குறிப்புகளையும், குடும்பப் பேச்சுகளையும், அவர் சென்று வந்த இடங்களையும் காட்டுவதோடு, வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் அவரோடு பேசிய பலருடைய செய்திகளையும் தன்னுள் வைத்திருக்கிறது. ஆயினும் இரண்டையும் கைப்பற்றும் முறை ஏறக்குறைய ஒன்றே: சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதப்படுகிறது, உறையில் முத்திரை வைக்கப்படுகிறது, நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது. ஒரு பொருளைக் கையில் எடுப்பதும் அதன் உள்ளே நுழைந்து படிப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதைச் சட்டம் தெளிவாக எழுதி வைக்காததே இந்நகரவாசிகள் ஒவ்வொருவரையும் தொடும் குறையாகும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள சட்டம், இத்துறையில் சில முன்னேற்றங்களைக் கொண்டுவந்தது உண்மையே. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்து, அப்பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்று அதன் 105ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அதே சட்டத்தின் 94ஆம் பிரிவு, மின்னணுச் சான்று இருக்கக்கூடிய தகவல்தொடர்புக் கருவிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு உத்தரவிடும் அதிகாரத்தை, நீதிமன்றத்துக்கு மட்டுமின்றிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் தருகிறது. 106ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாகச் சந்தேகம் எழுப்பும் சூழலில் காணப்படும் எந்தச் சொத்தையும் காவல் அதிகாரி கைப்பற்றலாம். இவ்வாறு பெறப்பட்ட கைபேசியில் எந்தக் காலத்துச் செய்திகளைப் பார்க்கலாம், எவற்றைப் பார்க்கக்கூடாது, வழக்குக்குத் தொடர்பற்றவற்றை என்ன செய்வது, நகலை எப்போது அழிப்பது என்ற கேள்விகளுக்கு இப்பிரிவுகளில் விடை இல்லை.

கைப்பற்றப்பட்ட கைபேசி, மயிலாப்பூர் காமராசர் சாலையில் உள்ள தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் ஆய்வகம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்படுகிறது. 1849இல் சென்னையில் தொடங்கப்பட்ட வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்தின் வழி வந்தது இத்துறை என்பது இந்நகரம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆய்வில் முதலில் கைபேசியின் உள்ளடக்கம் முழுவதும் நகலெடுக்கப்பட்டு, அந்நகலுக்கு ஹாஷ் மதிப்பு கணக்கிடப்பட வேண்டும். ஹாஷ் மதிப்பு என்பது கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணித வாய்பாட்டில் இட்டுப் பெறும் குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகும்; உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், யாரேனும் எதையேனும் சேர்த்தார்களா, நீக்கினார்களா என்பதைப் பின்னர் கண்டுபிடிக்க இதுவே வழி. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு அளிக்க வேண்டிய சான்றிதழில் இம்மதிப்பையும் கேட்கிறது. ஆனால் அச்சான்றிதழ் தேவைப்படுவது சான்று நீதிமன்றத்துக்கு வரும்போதுதான். கைபேசி உரிமையாளரின் கையை விட்டுப் போகும் நேரத்துக்கும் ஆய்வக மேசையை அடையும் நேரத்துக்கும் இடையில் அது திறக்கப்பட்டதா என்பதை அறிய, கைப்பற்றிய இடத்திலேயே கருவியை அணைத்து முத்திரையிடும் பழக்கம் எல்லா நிலையங்களிலும் வேரூன்ற வேண்டும்.

சைதாப்பேட்டைக்கு அடுத்துள்ள கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் 2024 டிசம்பர் 23 அன்று ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையும் அதன் பின் நடந்தவையும் இவ்விவாதத்தின் இரு பக்கங்களையும் ஒருசேரக் காட்டுகின்றன. கைது செய்யப்பட்டவர் சைதாப்பேட்டை நீதிமன்றத்தின் உத்தரவில் சிறைக்காவலில் வைக்கப்பட்டார். அதற்குள்ளாகவே, மாணவியின் அடையாள விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் பரவிவிட்டது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, பாலியல் குற்றங்கள் போன்ற நுண்மையான வழக்குகளுக்கு விலக்கு அளித்திருந்தது. குற்றங்களையும் குற்றவாளிகளையும் தடமறிவதற்காக நாடு முழுவதும் காவல் நிலையங்களை இணைக்கும் கணினி வலையமைப்பில், இத்தகைய அறிக்கைகள் தாமாகவே பூட்டப்பட வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மென்பொருளை மாற்றியபோது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறால் அந்தப் பூட்டு விழவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. இந்திய வரலாற்றின் மிகப் பெரிய சட்ட மாற்றங்களில் ஒன்று, ஒரு கணினித் திரையின் சிறு கவனக்குறைவால் ஒரு பெண்ணின் மீது மீண்டும் ஒரு காயமாக விழுந்தது என்பதை எளிதில் கடந்து செல்லக்கூடாது.

சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 28 அன்று மூன்று பெண் காவல் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அறிக்கை கசிந்ததை விசாரித்த குழு, அதைப் பார்த்ததாகக் கருதப்பட்ட செய்தியாளர்களை அழைத்து அவர்களுடைய கைபேசிகளைக் கைப்பற்றியது. அரசே இணையத்தில் திறந்து வைத்திருந்த ஆவணத்தைப் பார்த்தவர்களின் கருவிகள் பறிக்கப்பட்டன என்று செய்தியாளர்கள் உயர் நீதிமன்றத்தை அணுக, கைபேசிகளைத் திருப்பித் தருமாறும் அவர்களைத் துன்புறுத்தக்கூடாதென்றும் 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆணையிட்டது. செய்தியாளரின் கைபேசியில் அவரை நம்பிச் செய்தி சொன்னவர்களின் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்கள் விசாரணைக்குத் தேவையற்றவை என்பதைச் சொல்ல ஒரு நடுவரின் முன் அனுமதி அன்று கட்டாயமாக இருந்திருந்தால், உயர் நீதிமன்றம் வரை செல்லும் தேவையே எழுந்திருக்காது. முதன்மை வழக்கில், சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 மே 28 அன்று குற்றத்தை உறுதி செய்து, ஜூன் 2 அன்று 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்து மாதங்களுக்குச் சற்றே மேல் ஆன காலத்தில் முடிந்த இவ்வழக்கு, நல்ல புலனாய்வுக்குத் தனியுரிமை தடையல்ல என்பதற்கும் சான்றாகிறது.

கைபேசியின் கடவுச்சொல்லைச் சொல்லுமாறு குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பது இன்னும் கடினமான கேள்வி. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3)ஆம் கூறு. கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைக் கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்று 1961இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால், ஒருவரின் விருப்பமின்றி உண்மை கண்டறியும் சோதனை போன்றவற்றின் வழியாக அவர் மனத்தில் உள்ளதை வெளிக்கொணர முடியாது என்று 2010இல் செல்வி வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. கடவுச்சொல் மனத்தில் இருப்பது. விரல் ரேகையால் திறக்கும் பூட்டு உடலில் இருப்பது. ஒரே கருவியை ஒருவர் எந்தப் பூட்டால் பூட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய அடிப்படை உரிமை மாறக்கூடும் என்ற நிலை, சட்டம் தொழில்நுட்பத்தைத் தொடர முடியாமல் பின்தங்கியிருப்பதன் அடையாளம். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் கடவுச்சொல்லையும் கைரேகையின் வரிசையிலேயே வைத்தது. அந்த முடிவு செல்வி தீர்ப்பின் உயிரோட்டத்தோடு பொருந்தவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

இதே காலத்தில் பிற நாடுகளும் கைபேசிச் சோதனைக்கு எல்லை வகுக்கும் கேள்வியோடு போராடியுள்ளன. கைது செய்தவரின் கைபேசியை நீதிமன்றத்தின் சோதனை ஆணை இன்றிப் பார்க்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் ஊடகவியலாளர் அமைப்பொன்றின் மனுவை விசாரித்த இந்திய உச்ச நீதிமன்றமும், புலனாய்வு அமைப்புகளின் கட்டற்ற அதிகாரம் ஆபத்தானது என்று குறிப்பிட்டு நெறிமுறைகள் வேண்டும் என்றது. அவை உருவாகும் வரை மத்தியப் புலனாய்வுத் துறையின் கையேடு பின்பற்றப்படும் என்று ஒன்றிய அரசு பதிலளித்தது. ஒரு துறை தன் ஊழியருக்காக எழுதிக்கொண்ட கையேடு குடிமக்களின் உரிமைக்கு அரணாக முடியாது. அதை மீறினால் என்ன விளையும் என்று அதில் எதுவும் குடிமகனுக்காக எழுதப்படவில்லை.

உரையாடலை ஒட்டுக்கேட்பதில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டிய தெளிவு இங்கே நினைவுகொள்ளத்தக்கது. ஒரு லஞ்ச வழக்கில் தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறை அமைச்சகம் 2011இல் பிறப்பித்த உத்தரவை, 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு ஆகிய இரண்டு காரணங்களுக்காக மட்டுமே தந்திச் சட்டம் ஒட்டுக்கேட்பை அனுமதித்தது என்பதும், மறைவில் நடக்கும் சாதாரணக் குற்றம் இவ்விரண்டில் அடங்காது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். ஒரு தொலைபேசி அழைப்பைக் கேட்பதற்கே இத்தனை நிபந்தனைகள் இருக்க, பல ஆண்டுகளின் செய்திகளை ஒரே நாளில் நகலெடுப்பதற்கு ஏறக்குறைய எந்த நிபந்தனையும் இல்லை என்பது அறிவுக்கு ஒவ்வாத முரண்பாடு.

கைபேசிக்கு வெளியேயும் இக்கேள்வி விரிகிறது. 2017 தீபாவளிக் கூட்டத்தில் தி.நகரில் முகத்தை அடையாளம் காணும் செயலியைக் காவல்துறை பயன்படுத்தத் தொடங்கியது. 2021 அக்டோபரில் மாநிலம் முழுமைக்குமான முக அடையாள மென்பொருள் அறிமுகமானது. கண், மூக்கு, தாடை ஆகியவற்றின் இடைவெளிகளை எண்களாக்கி, காவல் பதிவேட்டில் உள்ள படங்களின் எண்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று இம்மென்பொருள் சொல்கிறது. அது தருவது நிகழ்தகவு மட்டுமே. ஆகவே பிழையாக ஒத்துப்போன ஒரு முகம் தெருவில் நிறுத்தப்படும்போது, அவமானம் முழுவதையும் சுமப்பவர் குற்றமற்ற ஒருவர். 2024 மே மாதத்தில் இத்தளத்தினுள் ஒரு பயனர் கணக்கின் கடவுச்சொல் வழியாக அயலார் நுழைந்ததாகச் செய்தி வந்தபோது, சேர்த்து வைக்கப்படும் தகவல் யாருடைய கைக்கும் போகலாம் என்பது வெளிப்பட்டது. பொது இடங்களில் நடப்போரின் முகங்களை இவ்வாறு ஒப்பிடுவதற்கென நாடாளுமன்றமோ தமிழ்நாடு சட்டமன்றமோ தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, அதில் அரசு தலையிட முதலில் ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்று வகுத்த மூன்று நிபந்தனைகளுள் முதலாவதே இங்கு நிறைவேறவில்லை.

மக்களைப் பார்க்கும் கருவிகளில் காட்டும் ஆர்வம், காவல்துறையைப் பார்க்கும் கருவிகளில் காட்டப்படவில்லை என்பதுதான் வேதனை தருவது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கண்காணிப்புக் கேமராக்கள் என்று 2020இல் சர்ஃப்ஷார்க் நிறுவனத்தின் உலகப் பட்டியலில் சென்னை முதலிடம் பெற்ற அதே ஆண்டில், சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். அந்நிலையத்தின் கேமராப் பதிவு, சேமிப்பில் போதிய இடம் இருந்தும், அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நடுவர் பதிவு செய்தார். எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதங்களும், அது இயலாவிடில் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

காவல்துறையின் தேவையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இணையவழிப் பண மோசடியில் சேமிப்பை இழந்த ஓய்வூதியருக்கு, மோசடிக்காரரின் கைபேசியில் உள்ள தடயமே நீதி. தொலைந்த கைபேசியை, ஒவ்வொரு கருவிக்கும் உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு முடக்கவும் தேடவும் உதவும் சஞ்சார் சாத்தி தளம் பயனுள்ளதே. ஆனால் அத்தளத்தின் செயலியை எல்லாப் புதிய கைபேசிகளிலும் முன்கூட்டியே பதிக்க வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் இட்ட ஆணையை, எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் 3 அன்று ஒன்றிய அரசு திரும்பப் பெற்றது. விரும்பி ஏற்றால் உதவியாக இருப்பது, கட்டாயமானால் ஐயத்துக்கு உரியதாகிறது என்பதை மக்கள் சரியாகவே உணர்ந்தனர்.

தமிழ்நாடு இதற்காக டெல்லியை எதிர்நோக்கிக் காத்திருக்கத் தேவையில்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் உள்ளதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலத் திருத்தம் கொண்டுவரலாம். அதற்கு முன்னரே, காவல் நிலையாணைகளை மாநில அரசு தன் அதிகாரத்திலேயே மாற்றி, அவசர நிலை தவிர நடுவரின் எழுத்து அனுமதியின்றிக் கைபேசியின் உள்ளடக்கத்தைத் திறக்கக்கூடாது, அனுமதியில் காலமும் பொருளும் குறிக்கப்பட வேண்டும், நகலெடுத்ததும் கருவியைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதலாம். சட்டமன்ற உறுப்பினரிடம் சாலையும் குடிநீரும் கேட்கும் வாசகர்கள் இதையும் கேட்க வேண்டும். அதுவரை, கைபேசியை ஒப்படைக்க நேரும் எவரும் மகஜரின் நகலைக் கேட்டுப் பெற்று, அதில் ஐ.எம்.இ.ஐ. எண்ணும், கருவி அணைக்கப்பட்டு முத்திரையிடப்பட்டதா என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் எழுத்தில் கேட்க வேண்டும். கருவியைத் திரும்பப் பெற, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503ஆம் பிரிவுகளின் கீழ் அப்பகுதிக்குரிய நடுவர் நீதிமன்றத்தில் மனு அளிக்கலாம்; வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது.