கிளை முகாமையாளர்கள் ஏன் வேலையை விடுகிறார்கள்?

2009இல் போர் முடிந்து ஏ9 வீதி திறந்ததும் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் யாழ்ப்பாணத்தில் வரிசையாகக் கிளை திறந்தன. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் என்று எதற்கும் கடன் கிடைத்தது. இலக்கு கொழும்பில் முடிவானது. அதை எட்டும் பொறுப்பு மட்டும் கிளை முகாமையாளரின் தலையில் விழுந்தது.

பிறகு 2022 வந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். நேற்றுவரை கடன் கொடு என்ற தலைமையகம் இப்போது அறவிடு என்றது.

குடாநாட்டில் கடனாளி முன்பின் தெரியாதவர் அல்லர். கூடப் படித்தவராக இருப்பார், மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணனாக இருப்பார். “தம்பி, ரெண்டு மாசம் பொறுங்கோ, மகன் கனடாவிலயிருந்து காசு போடுவான்” என்று ஒரு பெரியவர் கேட்டால், அது உண்மை என்று முகாமையாளருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தவணையை மாற்றியமைக்க அவருக்குள்ள எல்லை சிறியது. அதற்கு மேல் கொழும்பின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வரும்வரை கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் அந்தப் பெரியவரின் முகத்தில் முழிக்க வேண்டியவர் அவர்தான்.

வேலை கூடுவது மட்டும் ஒருவரை உடைத்துவிடாது என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இலேயே எழுதினார். சுமை கூடியும் முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் கடுமையாகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல், பணிச்சோர்வு ஒரு நோயல்ல, வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தின் விளைவு என்று வகைப்படுத்தியது. அப்படியிருக்க, களைத்துப்போன முகாமையாளரைத் தியானப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அதே இலக்கை அடுத்த மாதமும் நீட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சம்பளமும் ஒரு காரணம்தான். 2023 ஜனவரியில் மாதம் 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி விழுந்தது, உச்ச வீதம் 36. அந்த எல்லை 150,000 ரூபாவாக உயர 2025 ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் இளம் உத்தியோகத்தர்கள் பலர் மாணவர் விசாவிலும் உறவினர் துணையிலும் வெளிநாடு போய்விட்டார்கள். அரச அலுவலகங்களிலும் இதுதான் நடந்தது. பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022, சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாமல் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறைக்கு வழிவிட்டது. போனவர்களின் கோப்புகள் இருப்பவர்களின் மேசைக்கு வந்தன. ஒருவர் விலகும்போது அடுத்தவர் விலகுவதற்கான காரணமும் சேர்ந்தே பிறக்கிறது. நாற்பதைக் கடந்த, பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் இடைநிலை அதிகாரிதான் இதில் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறார். அவரும் எழும்பினால் பத்துப் பதினைந்து வருட ஊர் அறிவு அவரோடு போய்விடும்.

தவணையை மாற்றியமைக்கும் எல்லையைக் கிளை மட்டத்தில் கூட்டுவதற்குப் பெரிய செலவில்லை. வெற்றிடம் நிரம்பும்வரை அந்தக் கிளையின் இலக்கைக் குறைக்கலாம். சொந்த ஊரில் அறவிடும் பொறுப்பை அயல் கிளைக்காரரிடம் மாற்றிவிடலாம். இவை மூன்றும் தலைமையகம் ஒரு சுற்றறிக்கையால் செய்யக்கூடியவை.